சுற்றினால் அது சிகரெட் இல்லை

என் ஒரே மகனே, ரொம்சோஸ் ஏழாம் மாடியின் இளவரசே,

ஹொல்ம்லியா மூன்றாம் மாடிப் பல்கணியின் ஏகச் சக்கரவர்த்தியும், ஒஸ்லோ மாநகரத்தின் அரைவாசிப் பனியைத் தன் வாய்ப்புகையால் மட்டுமே உருக்கியவனும், இப்போது படுக்கையிலிருந்து குசினிக்குப் போவதற்கு நடுவழியில் ஒரு கதிரை போட்டு வைத்திருப்பவனுமாகிய உன் அப்பா எழுதுவது. சுகம் விசாரித்து எழுதவில்லை. என் சுகம் உனக்குத் தெரியும். உன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும் வரப்போகிறது. வேலைக்குப் போகிற அவசரத்தில் நின்றபடி வாசிக்காமல், எங்காவது இருந்து ஆறுதலாக வாசி.

வரும் சனிக்கிழமை உனக்குக் கலியாணம். மண்டபத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் இரண்டு வார்த்தை பேசவேண்டுமாம். நான் எப்போது இரண்டு வார்த்தையில் நிறுத்தியிருக்கிறேன்? வசந்தகாலம் முழுவதும் இருந்து ஒரு பேச்சு எழுதினேன். சோழன் படையெடுப்பில் தொடங்கி, உன் பிறப்பைத் தொட்டு, அனிற்றாவின் குடும்பத்தில் இதுவரை பிறந்த அத்தனை பேரையும் வாழ்த்தி முடிக்கிற பேச்சு. கண்ணாடிக்கு முன்னால் நின்று வாசித்துப் பார்த்தேன். மூச்சு ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு தடவை நின்று, இனி எந்தப் பக்கம் போவது என்று என்னிடம் வழி கேட்டது. அந்தப் பேச்சை நான் முடிப்பதற்குள் உனக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும். ஆகவே பேச்சு இல்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் எழுத வந்தது அதற்காக இல்லை. சித்திரை மாதம் அனிற்றா என்னிடம் உன்னைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் அவளுக்குப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பித்தான் அவள் சனிக்கிழமை தன் தேவாலயப் பாதிரியாருக்கு முன்னால் நின்று உனக்கு ஓம் சொல்லப்போகிறாள். அதுதான் விஷயம். பெரிதாக ஒன்றுமில்லை என்று நீ சொல்வாய். நானும் இருபது வருடமாக அப்படித்தான் சொல்லி வந்தேன், கேட்பதற்கு மிகவும் நன்றாக இருக்கும்.

அந்தப் பொய் சித்திரையில் பிறந்ததல்ல. அதன் வயது கிட்டத்தட்ட உன்னுடைய வயது. உனக்கு ஆறு வயது நடக்கும்போது நாங்கள் ஹவுகெட்டோவில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். நான் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளேயே புகைப்பேன், அந்த நாளில் எல்லோரும் அப்படித்தான். நான் விட்ட புகையைப் பார்த்துத் தீயணைப்புப் படை பத்துத் தரம் வந்தது என்று நண்பர்களுக்குச் சொல்வேன். அது பொய். ஒரு தரம்தான் வந்தது. அந்த மார்கழியில் உனக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டி போல் ஒரு கட்டிலில் கிடத்திவிட்டார்கள். அங்கே இருந்த டாக்டர் பெண் என் ஜாக்கெட்டுக்குக் கிட்ட வந்தாள். மூக்கைச் சுருக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு வரை யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை.

வீட்டுக்கு வந்து, அரிசிப் பேணிக்கும் குளிர்காலச் சப்பாத்துகளுக்கும் இடையில் அம்மா வைத்திருந்த முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். அப்போது ஒஸ்லோவில் எங்களுக்கு இருந்த ஒரே கோயில் அந்த அலுமாரித் தட்டுத்தான். இவன் எழும்பி நடக்கட்டும், நான் செத்தாலும் இனிச் சிகரெட் தொடமாட்டேன் என்று நேர்ந்தேன். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நீ நாலாம் நாள் எழும்பி, நடக்காமல் ஓடினாய். நான் சிகரெட் பெட்டியை ரயில் பாலத்திலிருந்து கீழே எறிந்தேன். முருகன் தன் பங்கை முடித்துவிட்டான். என் பங்கு பத்தொன்பது நாள் நின்றது. ஒவ்வொரு நாளும் ஒரு யுகம் என்று வைத்துக்கொள். உலகம் அழிந்து திரும்பப் படைக்கப்பட்டதை நான் பத்தொன்பது தரம் கோப்பை கழுவியபடி பார்த்தேன்.

இருபதாம் நாள், அந்த ஹோட்டலில் சமையல் வேலை செய்த ஆர்னே என்ற கிழவன், பின்கதவுக்கு வெளியே நின்று புகையிலையைத் தாளில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். கையால் சுற்றிப் புகைப்பதை இந்த நாட்டில் ரூலிங்ஸ் என்பார்கள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு ஒன்றை நீட்டினான். நான் சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றேன். இது சிகரெட் இல்லை, வெறும் இலை, சிகரெட்டுக்குள்தான் தொழிற்சாலைக்காரன் மருந்து போடுகிறான் என்றான். அவன் என்ன படித்தவனா? மீன் பொரிக்கிறவன். ஆனால் அந்தச் சொல் எனக்குக் கீதோபதேசம் மாதிரி இறங்கியது.

ஏன் இறங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் தோட்டத்தில் ஒரு போகம் வெங்காயம், ஒரு போகம் மிளகாய், ஒரு போகம் புகையிலை. மூன்றுக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே எரு. வெங்காயத்தை யாராவது நஞ்சு என்பானா? எங்களுக்குப் புகையிலை ஒரு மரக்கறி. நஞ்சு என்பது வெள்ளைக்காரன் பெட்டிக்குள் அடைத்து, மேலே பொன்நிறத் தாள் சுற்றி விற்பது. இலையைத் தொட்டு வளர்ந்த ஆட்களுக்கு இலைமீது சந்தேகமே வராது. நோர்வேக்காரன் கூட எங்கோ ஒரு மூலையில் பயந்து பயந்துதான் சுற்றினான். நான் பயமே இல்லாமல் சுற்றினேன். முருகனோடு வழக்காடினேன்: நான் நேர்ந்தது சிகரெட்டுக்கு, இது இலை, வேண்டுமானால் உன் வேலாயுதத்தைச் சாட்சிக்குக் கூப்பிடு. எதிர்த்தரப்பில் ஒருவரும் பேசவில்லை. வழக்கில் நான் வென்றுவிட்டதாக எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்த கூத்து உனக்கே தெரியும். சிகரெட்டை விட்ட மகான் என்று என் புகழ் ஹொல்ம்லியாவிலிருந்து வடதுருவம் வரை பரவியது. தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில், நாளுக்கு ஒரு பெட்டிக்கு மேல் புகைத்த நான் ஒரே நாளில் எப்படி விட்டேன் என்று அரைமணி நேரம் பேசினேன். மன உறுதி என்ற சொல்லை நாற்பது தரம் சொல்லியிருப்பேன். முன்வரிசையில் இருந்த ஒரு தகப்பன் கண்ணைத் துடைத்தான். கூட்டம் முடிந்ததும் வெளியே போய், தலைவருக்கும் செயலாளருக்கும் நடுவில் நின்று, ஆறுதலாக ஒன்று சுற்றிப் பத்த வைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அங்கே நின்ற எல்லோரும் புகையிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். கொஞ்சம் தள்ளி, உன் புத்தகப் பையை ஒரு தோளில் தொங்கவிட்டபடி நீ நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது. பதினைந்து வயது இருக்கும். நான் உன்னைப் பார்த்தும் பார்க்காதது போல் நின்றேன்.

உன்னை நான் கெடுத்தது அன்றைக்கு இல்லை. அது நடந்தது நீ பத்தொன்பது வயதில், படிப்புக்குப் போகத் தொடங்கிய மாரியில். உன் ஜாக்கெட்டை உலர்த்தப் போட்டேன், பையிலிருந்து சுற்றுகிற தாள் கட்டு விழுந்தது. எந்தத் தகப்பனும் என்ன செய்வான்? கத்துவான், அறைவான், குறைந்தபட்சம் மூன்று நாள் கதைக்காமல் இருப்பான். நான் பெருமூச்சு விட்டேன். அப்பாடா, சிகரெட் இல்லை என்று. மனதுக்குள் முருகனுக்கு ஒரு நன்றி கூடச் சொன்னேன். பிறகு பல்கணிக்கு உன்னைக் கூப்பிட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டு வந்தாய். ஒன்று சுற்றிக் காட்டு என்றேன். நீ சுற்றியது நடுவில் வீங்கி, இரண்டு முனையும் ஒடுங்கி, மலைப்பாம்பு ஆட்டை விழுங்கியது போல் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் மகனா இப்படிச் சுற்றுகிறான் என்று. புகைக்கிறாயே என்று வெட்கப்படவில்லை, சுற்றத் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டேன். தாளை எப்படிப் பிடிப்பது, இலையை எப்படிப் பிரித்துப் போடுவது, பெருவிரலால் எப்படி உருட்டுவது, எல்லாம் சொல்லித் தந்தேன். உள்ளே வந்து தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து கை கழுவினால் புகை மணம் போய்விடும் என்பதையும் நானே சொன்னேன். உனக்குச் சைக்கிள் ஓடப் பழக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. அதை அம்மாதான் பழக்கினாள். இதை மட்டும் ஒரு பின்னேரம் முழுவதும் பொறுமையாகப் பழக்கினேன்.

பிறகு சாப்பாட்டுக் கடைகளுக்குள் புகைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. புகைக்கிறவர்கள் எல்லோரும் பனிக்குள் நின்றோம். நான் இரண்டாம் தரமும் அகதியாகிவிட்டேன், இந்த முறை விசாரணையும் இல்லை, மேன்முறையீடும் இல்லை என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். சிரிக்கும்போது எனக்கு இருமல் வந்தது. மற்றவர்களும் இருமினார்கள். குளிர் என்றோம்.

போன தைமாதம், ஹொல்ம்லியா ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஏறுகிற ஏற்றத்தில் நான் நின்றுவிட்டேன். அந்த ஏற்றம் உனக்குத் தெரியும், இமயமலை இல்லை. பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு பெண்கள் கதைத்தபடி ஏறுவார்கள். ஒரு கிழவி கைத்தடியோடு என்னைக் கடந்து போய், திரும்பி வந்து, உதவி வேண்டுமா என்று கேட்டாள். அவளுக்கு எண்பது வயதுக்குக் குறையாது. எனக்கு அறுபது ஆகவில்லை. காட்சியை ரசிக்கிறேன் என்றேன். அங்கே இருந்த ஒரே காட்சி குப்பைத்தொட்டி.

அதோடு ஆஸ்பத்திரி. ஒரு குழாய்க்குள் ஊதச் சொன்னார்கள். பிறந்தநாள் கேக் மெழுகுதிரியைக் கூட அணைக்க முடியாத ஊதல் ஊதினேன். கோல்ஸ் என்று இங்கே பெயர், நுரையீரல் மெல்ல மெல்லக் கதவடைக்கிற வருத்தம். போன காற்று போனதுதான், திரும்பி வராது. இதெல்லாம் உனக்குச் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு அங்கிருந்த ஒரு தாதியின் அறையில் நடந்ததை நான் உனக்கும் அம்மாவுக்கும் மறைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

நாளுக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, இருபது வருடமாகிறது என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. அவள் என் விரல் நுனியைப் பார்த்தாள். சுற்றிப் புகைக்கிறீர்களா என்று கேட்டாள். ஓ, அதுவா, அது ஐந்து, அதில் ஒன்றும் இல்லையே என்றேன். அவள் தர்க்கம் பண்ணவில்லை. உங்கள் புகையிலைப் பை கையில் இருந்தால் ஒன்று சுற்றிக் காட்டுங்கள் என்றாள். ஆயுளில் எனக்குக் கிடைத்த கடைசி அரங்கேற்றம் அது. சுற்றினேன் பார், ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இலை வெளியே தெரியவில்லை, நூதனசாலையில் கண்ணாடிக்குள் வைக்கலாம். அவள் மிக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நகத்தால் கீறி அதைப் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினாள். மேசை லாச்சியிலிருந்து பெட்டிச் சிகரெட் ஒன்றை எடுத்து, அதையும் பிரித்துப் பக்கத்தில் கொட்டினாள். இரண்டு குவியல். என்னுடையது பெரியது. கொஞ்சம் இல்லை, பார்த்த உடனே தெரிகிற அளவுக்குப் பெரியது.

சிகரெட்டுக்குள் எவ்வளவு போடுவது என்று இயந்திரம் தீர்மானிக்கிறது, இதில் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள் என்றாள். சிகரெட் நுனியிலுள்ள வடிகட்டியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் கொஞ்சம் காற்றுக் கலக்கிறது, அதனால் அது நல்லதென்று இல்லை, ஆனால் உங்களுடையதில் அது கூட இல்லை என்றாள். அப்படியானால் மெல்லியதாகச் சுற்றுகிறேன் என்று நான் பேரம் பேசினேன். அவள் சிரித்தாள். மெல்லியதாகச் சுற்றினால் ஆழமாக இழுப்பீர்கள், உங்கள் உடம்புக்கு எவ்வளவு நிக்கொட்டின் பழக்கமோ அவ்வளவும் கிடைக்கும் வரைக்கும் இழுப்பீர்கள், உங்களுக்கே தெரியாது என்றாள். கடைசியாக நான் என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். இது சுத்தமான இலை, மருந்து போடாதது என்றேன்.

அவள் பென்சிலால் என் குவியலைத் தொட்டு, "நிக்கொட்டினை யாரும் வெளியிலிருந்து போடவில்லை. அது இலைக்குள்ளேயே இருக்கிறது" என்றாள்.

மகனே, நான் புகையிலைக் கன்றுக்குக் கொழுந்து கிள்ளியவன். அந்தப் பிசின் விரலில் ஒட்டி, அந்தக் கையோடு சோறு தின்று தலை சுற்றி விழுந்தவன். தலை ஏன் சுற்றியது என்று நினைத்தேன்? வெயில் என்று நினைத்தேன். இதை எனக்குச் சொல்லித்தர ஒரு நோர்வேப் பெண், அதுவும் உன்னைவிட வயது குறைந்த பெண், பென்சிலோடு வரவேண்டியிருந்தது. அன்றோடு நான் நிறுத்தினேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மூச்சு இல்லாதவன் புகையை எதனால் இழுப்பான்?

இப்போது சித்திரை மாதத்துக்கு வருகிறேன். அந்த அறையிலிருந்து வந்து இரண்டு மாதம் கழித்து. எனக்கு எல்லாம் தெரிந்த பிறகு என்பதைக் கவனி. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அனிற்றா தனியாக வந்தாள், பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் அவள் வேலை முடிந்து, சட்டையில் யாரோ ஒரு குழந்தையின் வர்ணப்பூச்சோடு. தேத்தண்ணி போட்டுத் தந்தாள். சீனி போட்டு எனக்கு முன்னால் இருந்து நெடுநேரம் கலக்கினாள். அவளுடைய அப்பாவைப் பற்றிக் கதைத்தாள். மன்னாரிலிருந்து வந்து கப்பல்களில் வேலை செய்த மனிதர், இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு வருத்தத்தில் போனவர் என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். சிகரெட் அவருடைய நுரையீரலைத் தின்று முடித்த அந்தக் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தது இவள் மட்டும்தானாம்.

"அப்பா கடைசியா என்னட்டைத் தண்ணி கேக்கேல்லை மாமா. யன்னலைத் திறந்துவிடு பிள்ளை எண்டுதான் கேட்டவர். யன்னல் திறந்துதான் கிடந்தது."

அதைச் சொல்லிவிட்டு அவள் அழவில்லை. வேறு எதைப் பற்றியும் தனக்குக் கவலை இல்லை, சமயம், சாதி, வீடு, வேலை ஒன்றும் பெரிதில்லை, இதை மட்டும் இன்னொரு தரம் தன்னால் பார்க்க முடியாது என்றாள். பிறகு கேட்டாள்.

"மாமா, அவர் சிகரெட் பத்துறவரோ? அவரைக் கேட்டா இல்லை எண்டுறார். நீங்கள் சொல்லுங்கோ, நான் நம்புறன்."

நான் ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. "இல்லைப் பிள்ளை. அவன் சிகரெட் கையாலையும் தொடமாட்டான்" என்றேன்.

வசனம் எவ்வளவு நேர்த்தியாக வந்து விழுந்தது தெரியுமா? ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இலை வெளியே தெரியவில்லை. அவள் என் கையைப் பிடித்தாள். அவள் போன பிறகு நான் பெரிய வக்கீல் என்ற நினைப்போடு அந்தக் கதிரையிலேயே இருந்தேன். நீ இனி நிறுத்திவிடுவாய், பொய் தானாகவே உண்மையாகிவிடும் என்று எனக்கு நானே சொன்னேன். அன்று பின்னேரமே உனக்குப் போன் எடுத்தேன். நிறுத்து என்றேன். உனக்கு அது ஞாபகம் இருக்கும். நீ சொன்ன மறுமொழி எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

"அப்பா, நாளுக்கு மூண்டுதான். அதுவும் நான் சுத்திறது. அதிலை ஒண்டும் இல்லை எண்டு நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள்."

மூச்சு முட்டுகிறது என்று போனை வைத்தேன். மூச்சு அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

வைகாசியும் ஆனியும் ஆடியும் அப்படியே போய்விட்டன. கலியாண வேலை. நீ வந்து போனபோதெல்லாம் தேசிக்காய் மணந்தாய். அனிற்றா ஒரு நாள், இவர் என்ன எப்போதும் தேசிக்காய் மணக்கிறார் என்று சிரித்துக்கொண்டு கேட்டாள், அம்மா அப்பால் திரும்பிக் கறியைக் கிளறினாள். போன சனிக்கிழமை காலை எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாதி, இரண்டு குவியல், அனிற்றாவுக்கு நான் சொன்னது, நீ எனக்குச் சொன்னது. அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, தான் ஏன் செவ்வாய்க்கிழமைகளில் சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். முருகனுக்கு விரதம் என்றேன். வேறு என்ன? எல்லோர் வீட்டிலும் ஒருவர் ஏதாவது பிடிக்கிறார்கள்.

உனக்காக நேர்ந்ததை நான் பத்தொன்பது நாளில் முறித்தேனே, அந்த வாரம் தொடங்கியதாம் அவளுடைய விரதம். நேர்ந்ததை முறித்தால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடும் என்று பயந்து, என் பங்கை அவள் எடுத்துக்கொண்டாள். நான் பல்கணியில் சுற்றச் சுற்ற, அவள் உள்ளே பசியோடு இருந்து அதைச் சரிக்கட்டியிருக்கிறாள். இருபது வருடச் செவ்வாய்க்கிழமைகள். அவள் துப்புரவு வேலைக்கு விடியமுன் போய்வந்த வருடங்களும் அதற்குள் அடக்கம். முருகனுக்கு நான் வைத்த வாதத்தைக் கேட்டு அவன் பேசாமல் இருந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவனுக்கு ஏற்கெனவே ஒருத்தி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் ஒரு தரமும் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றாள். பிறகு கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"என்ரை காலம் போச்சு. அந்தப் பிள்ளையும் உங்கடை மகனுக்காகப் பட்டினி கிடக்கவேணுமோ?"

இதற்கு மேல் எனக்குப் பகிடி வரவில்லை, மன்னித்துக்கொள்.

உனக்கு நான் தர வேண்டிய புத்திமதி என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான். அவளுக்கு எண்ணிக்கை சொல்லாதே. மூன்று என்று சொல்லாதே. மெல்லியது என்று சொல்லாதே, இலை என்று சொல்லாதே, கலியாணத்துக்குப் பிறகு விடுவேன் என்று சொல்லாதே. இவை எல்லாவற்றையும் நான் சொல்லி முடித்துவிட்டேன், உனக்கென்று புதிதாக ஒன்றும் மிச்சம் இல்லை. என் நெஞ்சுக்குள் இருக்கிற எதுவும் நான் என்ன பெயர் சொல்லிப் புகைத்தேன் என்று கேட்கவில்லை. நீ விடுவது கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும். அது கஷ்டம் என்று அவளுக்குச் சொல். நான் யாருக்கும் அதைச் சொன்னதில்லை. மன உறுதி, மன உறுதி என்று கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை அனிற்றாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். உன்னைக் கேட்காமல்தான். நீ வளர்ந்த ஆம்பிளை, உன் விஷயத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நீ கோபிக்கலாம், கோபிப்பது நியாயம். ஆனால் அவள் கேட்டது என்னிடம், நம்பியது என்னை. அந்தப் பொய் உன்னுடையதல்ல, என்னுடையது. அதைத் திருப்பி எடுக்கிற உரிமை எனக்கு இருந்தது. அம்மா பக்கத்தில் இருந்தாள். நான் நேராகச் சொன்னேன். அவன் சுற்றிப் புகைக்கிறான், பத்தொன்பது வயதிலிருந்து, பழக்கியது நான், உனக்கு அன்றைக்குச் சொன்னது பொய். அவ்வளவையும் சொல்ல எனக்கு நாலு தரம் நிறுத்த வேண்டியிருந்தது. அந்த நாலு தரமும் அவள் என் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது புதிய காட்சி இல்லை.

கலியாணக் கார்டுகள் எல்லாம் கொடுத்தாகிவிட்டது, பிரான்சிலிருந்து சித்தி குடும்பம் வந்து இறங்கிவிட்டது என்று எவரும் சொல்லக்கூடிய ஒன்றையும் அவள் சொல்லவில்லை. நான் இதைத் தனக்குச் சொன்னது உனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். அப்படியானால் எழுதித் தாருங்கள், உங்கள் வாயால் போனில் சொன்னால் நீங்கள் அவரைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள் என்றாள். என்னை அவள் சரியாக அளந்து வைத்திருக்கிறாள். புதன்கிழமை வேலை முடிந்து வந்து எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னாள்.

இன்றைக்குப் புதன். அவள் வந்துவிட்டாள். நான் இந்தக் கடைசித் தாளை எழுதிக்கொண்டிருக்க, குசினியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து முதல் தாள்களை வாசிக்கிறாள். வாசிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை கலியாணம் நடக்குமா பிள்ளை என்று சற்று முன்னர் கேட்டேன். அவள் தாளிலிருந்து தலையை எடுக்காமல், "அவர் வாசிச்சு முடிச்சவுடனை முதல் என்ன சொல்லுறார் எண்டு பாத்திட்டுச் சொல்லுறன் மாமா" என்றாள். கண்டனமாகச் சொல்லவில்லை, அன்பாகவும் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு இன்னும் தெரியாது போல.

இங்கிருந்து ரயிலில் நகரத்துக்கு, அங்கிருந்து நிலக்கீழ் ரயிலில் ரொம்சோஸுக்கு. உறையை ஒட்டாமல் அவள் கையில் கொடுக்கிறேன். நீ இதை வாசிக்கும்போது அவள் உனக்கு எதிரே இருப்பாள், இடையில் ஒன்றும் கேட்கமாட்டாள் என்று எனக்கு வாக்குத் தந்திருக்கிறாள். எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். இதோடு எழுத்து முடிகிறது. தாளை மடித்து வைத்துவிட்டு, நிமிர்ந்து அவளைப் பார்.

அப்பா